மொட்டைத் தலையில் ஒரு தொப்பி

பிரிக்பீல்ட்ஸ், காலை.

அன்புள்ள அம்மாவுக்கு, சுங்கைப்பட்டாணியில மழை விட்டுச்சா? முட்டி வலி எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன், நேரத்துக்குச் சாப்பிடுறேன்.

நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சிக்கூடத்துல, கம்பி கோத்த தொப்பியைத் தலையில மாட்டி, மூளையில ஓடுற மின்சாரத்தை ஸ்க்ரீன்ல பார்ப்போம். நம்ம ஆளுங்க தலை நிறைய எண்ணெய் தேய்ச்சுட்டு வந்துடுவாங்க, கம்பி ஒட்டாது. உங்க முட்டிக்கு வேண்டிக்கிட்டு, தைப்பூசத்துக்குப் பத்துமலையில நான் மொட்டை போட்டேன். அதைப் பார்த்ததும் எங்க டாக்டர் சுதர்சினி, "இந்தத் தலைதான்லா எனக்கு வேணும்"னு என்னையே உட்கார வெச்சுட்டாங்க. வலியே இல்லம்மா, பயப்படாதீங்க.

யார் யார் பேரையோ காதுல போட்டாங்க. ஸ்க்ரீன்ல கோடு சும்மா ஓடுச்சு. என் பேரு "யுகேந்திரன்"னு வந்தப்பல்லாம் எகிறிடுச்சு. என் மூளை என்னை அடையாளம் கண்டுக்கிறதை நானே பார்த்தேன்மா.

வேலைக்கு நேரமாச்சு, ஒண்ணே ஒண்ணு. அடுத்த வாரத்துக்கு வீட்டு ஆளோட குரல் வேணுமாம். "ராசு"ன்னு கூப்பிட்டுப் போன்ல பதிவு செஞ்சு அனுப்புங்க. இங்க யாரும் என்னை அப்படிக் கூப்பிடுறதில்ல. ஒரு தடவை போதும்னு டாக்டர் சொன்னாங்க. நீங்க நாலஞ்சு தடவை கூப்பிடுங்க.

ராசு