நூலில் கோத்த மாத்திரைகள்

ஒக்டோபர் 6, ஞாயிறு

மகள் விதுஷாவுக்குக் கடைசியாக வலிப்பு வந்து ஏழு மாதம். கிளினிக்கில் ஒரு மாத மாத்திரை தந்தார்கள். நான் முதல் பஸ்ஸிலேயே ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளைக்கு, லேபுக்குப் போய்விடுகிறேன். கொடுப்பது என் வீட்டுக்காரர் ரஜீவ்தான். மறதிக்காரர். அதனால் எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிரித்து, கொப்பித் தாளில் சின்னப் பைகள் செய்து, தேதி எழுதி, நூலில் கோத்து, கேத்தலுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டேன். தேத்தண்ணி ஊத்த வந்தால் கண்ணில் பட்டே ஆகும்.

"எனக்குப் பரீட்ச வைக்கிறியா டீச்சரம்மா?" என்று சிரிக்கிறார்.

ஒக்டோபர் 17

விடாத மழை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் சாப்பிடும்போது விதுஷாவுக்குக் கை உதறியதாம். குளிராயிருக்கும் என்கிறார் ரஜீவ். குளிரா?

ஒக்டோபர் 22

வலிப்பு. நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்ட பிறகுதான் நின்றது.

"மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?" என்றார் டாக்டர். நான் ரஜீவைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார்.

வெளியே வந்து கேட்டேன். "பையக் கிழிச்சு வீசிட்டு மாத்திரைய என்ன செஞ்சீங்க? உண்மையச் சொல்லுங்க."

கத்தவில்லை அவர். "எம் புள்ளைக்கு நான் குடுக்காம இருப்பனா?"

வாட்டுப் பொம்பளைகள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் இருந்தது.

ஒக்டோபர் 24

விதுஷாவுக்கு வலது கை எழும்பவில்லை.

ஒக்டோபர் 29

லேசில் கரையாத மருந்துகள் குடலுக்குள் எவ்வளவு கரையும் என்று பார்ப்பதுதான் எங்கள் லேபில் வேலை. உடம்புச் சூட்டில் பித்த உப்பு கலந்த நீர், அதில் மாத்திரை, மேலே சுற்றும் துடுப்பு. லேப் பொறுப்பாளர் தர்மிளா மிஸ்ஸிடம் கேட்டு, பைகளில் மிச்சமிருந்ததில் மூன்றும் புது அட்டையிலிருந்து மூன்றும் போட்டேன். மாத்திரையில் பிழையில்லை, அவர்தான் கொடுக்கவில்லை என்று காட்டவா? ஆமாம். அதற்குத்தான்.

ஒரு மணி நேரத்தில் அட்டை மாத்திரை நூற்றுக்கு எண்பத்திரண்டு வீதம் கரைந்தது. பை மாத்திரை முப்பத்தொன்று. அடியில் கல்லு மாதிரிக் கிடந்தது.

"ஈரம் குடிச்சு இறுகிப்போச்சுது. வயித்துக்க போனாலும் இப்பிடியேதான் கிடக்கும். ஆர் அட்டையக் கழட்டினது?" என்றார் மிஸ்.

நான். கேத்தல் ஆவியில் தொங்கவிட்டதும் நான். இதே வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

நவம்பர் 3

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இடது கையால் சோறு அள்ளப் பார்க்கிறாள், பாதி மடியில். எப்படிச் சொல்ல?

நவம்பர் 9

சொன்னேன். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"சரி விடு. நல்லதுக்குத்தான செஞ்ச."

திட்டியிருக்கலாம்.

நவம்பர் 18

வலிப்பு இல்லை. கை அப்படியேதான்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். ரஜீவ் கூப்பிட்டார். என் கண்முன்னே அட்டையைக் கிழித்து மாத்திரையைக் கொடுத்தார். விழுங்கியதும், "அம்மாவுக்கு ஆ காட்டும்மா" என்று வாயைத் திறக்க வைத்தார். நாக்கைத் தூக்கி அடியிலும்.

காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒன்பது நாளாக இப்படித்தான்.