மினாசே சினோபு அம்மையாரின் கலத்தைத் துறைக்குள் விடுமாறு பவளமுனைக்கு எழுதிய திருமுகம்

மூன்று புறம் கடலும் நான்காம் புறம் குடிகளின் அன்பும் காவலாய் நிற்கும் நெய்தலம்பதி நாட்டின் அரியணை அமர்ந்த நிலவுமொழி மாதேவியாராகிய யாம், பவளமுனைத் துறைக்காவலரும், இருமுறை பெரும்புயலில் நம் கலங்களைக் கரைசேர்த்தவருமாகிய நன்னன் ஏனாதியார்க்கு விடுக்கும் ஓலை. உம் துறையும் உப்பளங்களும் இல்லத்தாரும் நலம் பெறுக.

உம் ஓலை கண்டோம். கீழைக்கடலிலுள்ள உதயநாட்டுத் தீவரசு நம்மிடம் அனுப்பும் அமைச்சர் மினாசே சினோபு அம்மையார் ஒருமுறை பதவி துறந்தவர் என்றும், அத்தகையவரை அனுப்புவது நம்மை இளக்காரமாய் எண்ணுவதே என்றும், ஆதலால் அவர் கலத்தைத் துறைக்கு வெளியே நிறுத்த இசைவு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். உம் மானவுணர்வை மதிக்கிறோம். ஆயினும் அவர் வரலாற்றை நீர் பாதியே கேட்டிருக்கிறீர். அந்நாட்டில் பன்னீராண்டு தங்கிய நம் தூதர் கீரந்தையார் கண்டுரைத்ததைச் சொல்கிறோம், கேளும்.

சினோபு அம்மையார் ஆற்றுத்துறைப் படகோட்டி ஒருவரின் மகள். அந்நாட்டில் ஊரார் மூங்கிற்சீட்டைக் குடத்தில் இட்டு அவைக்கு ஆள் தேர்வர். இருபத்தெட்டாம் அகவையில் அவ்வாறே அவை புகுந்து, பத்தாண்டில் நீர்வழி அமைச்சரானார். புதிய அரண்மனைக்கு மரம் சுமக்கப் படகுகள் வேண்டும் என்று அரசர் கேட்டபோது, பெரிய தீவுகள் இரண்டை விடுத்து, ‘மற்றத் தீவுகளுக்குப் படகு நிறுத்துக’ என்று ஆணை எழுதச் சொன்னார். சொன்ன வாய் தயங்கவில்லை. அதுவே அவர் பிழை.

அவ்வாண்டுப் பனிக்காலத்தில் ஒகினே என்னும் சிறுதீவில் கயோ என்பவளுக்கு மகப்பேற்று நோவு கண்டது. மருத்துவச்சி எதிர்க்கரையில் படகுக்குக் காத்திருந்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

செய்தி எட்டியதும் அம்மையார் பரிவாரமின்றி மீன்தோணி ஏறி ஒகினே சென்றார். அவரை அமரச் சொல்வார் எவருமில்லை. கயோ அழவுமில்லை, வையவுமில்லை. "அம்மா, உங்கள் ஓலையில் எங்கள் தீவின் பேர்கூட இல்லையே" என்றாள்.

அச்சொல் அவர் நெஞ்சில் தைத்தது. ஓலை எழுதிய கணக்கன்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று அரசர் ஆறுதல் கூறினார். அம்மையார் அதற்கு உடன்படாமல், பேரவை நடுவே தலை தாழ்த்தி, "எழுதச் சொன்ன வாய் என்னுடையது. வேறொருவரையும் குறை கூற வேண்டா" என்றார். அந்த ஆணையைக் கிழித்தபின், தம் அமைச்சு முத்திரையையும் அரசர் முன் வைத்துவிட்டு வெளியேறினார். நீர் கேள்விப்பட்டது இவ்வளவே.

அவர் வீடு திரும்பவில்லை. ஒகினேயில் குடில் அமைத்து, மருத்துவச்சியை ஏற்றிவரும் தோணிக்குத் தாமே துடுப்பு வலித்தார். அடுத்த தேர்தலில் அத்தீவினர் சார்பில் நின்றார். பதினோரு சீட்டே விழுந்தது. நாணத்தால் மூன்று நாள் வெளியே வரவில்லை என்று கீரந்தையாரிடம் ஒப்புக்கொண்டாராம். நான்காம் நாள் கரையில் யாரோ கூவி அழைக்க, எழுந்து துடுப்பை எடுத்தார். நான்காண்டு இவ்வாறு சென்றது. மறுதேர்தலில் குடம் அவர் பக்கமே நிறைந்தது. சீட்டு இட்டுத் திரும்பிய கயோவை நம் தூதர் வினவியபோது, "நான் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் இனி அவர் எங்களை மறக்கமாட்டார்" என்றாளாம்.

புதிய அரசர் அவரை மீண்டும் நீர்வழி அமைச்சராக்கினார். இன்று அந்நாட்டில் நாற்பத்துமூன்று தீவுகளுக்கும், நான்கு வீடே உள்ள தீவுக்குங்கூட, மருத்துவப் படகு தவறாது செல்கிறது.

ஏனாதியாரே, அவர் வருவது முத்து விலை பேசவன்று. அத்தகைய படகுகளை நம் கடற்கோடித் தீவுகள் ஏழுக்கும் எவ்வாறு விடுவது என்று காட்டவே யாம் வேண்டி அழைத்தோம். பெருமழைத் திங்களில் அங்கே நாம் எவரையும் அனுப்புவதில்லை என்பதை நீரும் அறிவீர், யாமும் அறிவோம்.

ஆதலால் ஆணையிடுகிறோம். அம்மையாரின் கலத்தைத் துறையின் உள்மேடையில் அணையச் செய்க. ஏழு தீவின் தலைவரையும் மருத்துவச்சியரையும் வளர்பிறை முடியுமுன் வரவழைத்து, அவையில் முன்னிருக்கை அளித்து, அவர்களையே முதலில் பேசச் செய்க. அவர்கள் கூறும் குறை கடுமையாயினும் இடைமறியாது கேட்க. யாமும் வந்து உம் அருகிருந்து கேட்போம்.

இவ்வோலை ஆவணித் திங்கள் பத்தாம் நாள், நம் கைப்பட எழுதி, வலம்புரி முத்திரை வைத்தது.