முட்டையை மிதிக்காமல்

அப்பாவுக்கு வெண்மதியின் வணக்கம். முட்டி வலி தேவலையா? அம்மா மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா? நான் நல்லாருக்கேன்.

பொம்மிடி ஏரி, சித்தேரி மலையெல்லாம் முடிச்சு, இப்போ ஏரியூர்ப் பக்கம் காவிரிக்கரைப் புதர்க்காட்டில் பறவைக் கணக்கெடுப்பு. நேத்து ஒரு சின்ன விஷயம். பைனாகுலரில் பார்த்துக்கிட்டிருந்தேன், ஆள்காட்டிக் குருவி ஒண்ணு தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்திச்சு. அது வெறுந்தரையில் முட்டை போடும். மிதிச்சிடக் கூடாதேன்னு காலை அசைக்காம நின்னேன். கத்தல் ஓயல. கூட வேலை பார்க்கிற செல்லியக்கா மெதுவா வந்து என் கையைப் பிடிச்சாங்க. "திரும்பாத கண்ணு, அப்படியே நட." வண்டிகிட்ட வந்துதான் திரும்பினேன். நான் நின்ன இடத்துக்குப் பின்னாடிப் புதரில் ஒத்தை யானை. குருவி கத்தினது அதைப் பார்த்து. ஒண்ணும் ஆகல, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க.

பஸ் வந்துடுச்சு, இதைக் கண்டக்டர்கிட்ட கொடுக்கணும். ஒரு உதவிப்பா. காலைல சோறு வைக்கிறப்ப நம்ம மாடியில காக்கா கத்துறதை போனில் பிடிச்சு அனுப்புங்க, இங்க சிக்னல் இல்ல, ஏரியூர் போறப்ப கேட்டுக்கிறேன். இங்க எது கத்தினாலும் கால் நின்னுடுது. சோத்துக்காக மட்டும் கத்துற சத்தம் ஒண்ணு வேணும்.

வெண்மதி