வாந்தி எடுத்துவிட்டுக் கூண்டுக்குள் போனவளுக்கு

ஒரகடம் கூட்டுரோட்டில் நேற்று ஒரு ஃப்ளெக்ஸ் பார்த்தேன். கம்பெனி பஸ் சிக்னலில் நின்றபோது ஜன்னலுக்கு நேராக இருந்தது, தப்பிக்க முடியவில்லை. நம் சண்டைப் பயிற்சி மாஸ்டர் சட்டை இல்லாமல் கைகட்டி நிற்கிறார். அவருக்குப் பின்னால் புலி, புலிக்குப் பின்னால் தீ. 'பயம் என்ற சொல்லே எங்கள் அகராதியில் இல்லை' என்று தலைப்பு. அந்த ஆள் எந்த அகராதியைப் புரட்டினாரோ! கீழ் மூலையில் ரேஷன் கார்டு படம் அளவுக்கு உன் முகம். 'எங்கள் அஞ்சா நெஞ்சப் பெண்புலி.' நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றியது. ஏசி பஸ், ஜன்னல் திறக்காது.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் கிடந்தவள். நீ பிள்ளைப்பாக்கத்துக்காரி. செல்போன் கம்பெனியில் ஒரே லைனில் எதிரெதிரே நின்று போனுக்குள் வைக்கும் துண்டு துணுக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தோம். "டிவில பாத்தேன்டி, பொண்ணுங்களே கூண்டுக்குள்ள சண்டை போடுறாங்க. சோக்கா கீது" என்று சொல்லி, ஷிப்ட் முடிந்ததும் சுங்குவார்சத்திரத்தில் டயர் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு என்னையும் இழுத்துப் போனாய். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை. நீ கற்றுக்கொண்டாய். நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே வந்த பையன்கள் பாதி நேரம் கண்ணாடி முன்னால் நிற்பார்கள், மீதி நேரம் அந்தக் கண்ணாடியைப் போட்டோ எடுப்பார்கள். பயிற்சி தொடங்கும்முன் மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவார்: "பயம் இருக்கா?" எல்லோரும் "இல்ல மாஸ்டர்!" என்று தகரம் அதிரக் கத்துவார்கள். முதல் நாள் நீ மட்டும் வாயைத் திறக்கவில்லை. உன் பக்கம் வந்து மறுபடி கேட்டார்.

"இருக்கு மாஸ்டர்."

கொட்டகையே சிரித்தது. "அப்ப வூட்டுக்குப் போய் கோலம் போடு."

"அதப் போட்டுட்டுத்தான் மாஸ்டர் வரேன்."

அடுத்த வருஷம் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். மணமேடைக்கு முன்னால் கம்பிவலைக் கூண்டு. மாஸ்டரின் செல்லப் பிள்ளை ஒருவன் இருந்தானே, கழுத்தில் சிங்கம் பச்சை குத்திக்கொண்டு, 'சாவே வந்தாலும் சந்திப்பேன்' என்று பைக்கில் எழுதி வைத்திருந்தவன். தன்னோடு மோதப்போகிறவன் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்ததை ஓரமாய் நின்று பார்த்தான். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சாவைச் சந்திக்கப் போகிறவன் அந்த பைக்கிலேயே ஏறி வீட்டுக்குப் போய்விட்டான். "ஃபுட் பாய்சன்" என்றார் மாஸ்டர். அத்தனை பேரும் சாப்பிட்ட அதே பொங்கல்தான்.

நீ பந்திக் கூடத்தில் கை கழுவும் இடத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். உன் தலைமுடியை நான் பிடித்துக்கொண்டேன்.

"பயமா கீதுடி."

"அப்பம்னா வேண்டாம்ட்டி. வா, ஹாஸ்டலுக்குப் போயிருவோம்."

நீ வாயைக் கொப்பளித்துத் துடைத்தாய். "பயமா கீதுன்னுதான சொன்னேன். போவ மாட்டேன்னா சொன்னேன்?"

போனாய். எதிரே பெங்களூர்க்காரி, உன்னைவிட உயரம். முதல் சுற்றில் உன் உதடு கிழிந்தது. இரண்டாம் சுற்றில் அவளைத் தரையில் சாய்த்து, பின்னாலிருந்து கழுத்தை வளைத்துப் பிடித்தாய். தோல்வியை ஒப்புக்கொள்வதானால் அவள் தரையைத் தட்ட வேண்டும். தட்டவில்லை. அவள் கை துவண்டு விழுந்ததை நீ பார்த்துவிட்டாய். நடுவர் அந்தப் பக்கம் நின்றதால் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் அவரே பார்த்து நிறுத்தியிருப்பார், நீ ஜெயித்திருப்பாய். மண்டபமே "விடாத, விடாத" என்று கத்தியது. அதில் மாஸ்டரின் குரல்தான் உச்சம். நீ விட்டுவிட்டு, "சார், மயங்கிட்டா சார்!" என்று கத்தினாய்.

அந்த நடுவர் ஒரு மகா மேதை. அந்தக் கூச்சலில் நீ சொன்னது காதில் விழாமல், நீ பிடி நழுவவிட்டாய் என்று நினைத்துக்கொண்டார். அவள் இருமி எழுந்ததும் சண்டையைத் தொடரச் சொன்னார். புள்ளிக் கணக்கில் அவள் ஜெயித்தாள்.

"உனக்கு வெறி இல்ல. பயந்தாங்கொள்ளி!" என்று மாஸ்டர் எல்லோர் முன்னாலும் திட்டினார். உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டே நீ கேட்டாய்: "அவளுக்கு எதனா ஆயிருந்தா, அவங்கம்மாகிட்ட யாரு மாஸ்டர் சொல்லியிருப்பா? நீங்களா?"

அத்தனை கூச்சலை எதிர்த்து ஒரு கழுத்தை விடுவதற்கு என்ன துணிச்சல் வேண்டும் என்பது, பிடிக்க மட்டுமே தெரிந்தவர்களுக்கு எப்படிப் புரியும்?

பிறகு உன் கைகால்களில் கன்றிப்போன நீலம் ஆறவே இல்லை. பயிற்சியில் பட்ட அடி என்றே எல்லோரும் நினைத்தோம். ரத்தத்தில் நோய் என்று சென்னை ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

அங்கே வந்தவர்களை நினைத்தால் இன்னும் உடம்பு எரிகிறது. ஆப்பிள் பையோடு வருவார்கள். "நீ ஃபைட்டர் ஆச்சே, நீயே பயப்படலாமா?" என்பார்கள். உன் பயம் அவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது. மாஸ்டரும் வந்தார், உன்னோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு. உன் கையில் ரத்தம் ஏறுவதைப் பார்த்ததும் முகம் வெளுத்து, பக்கத்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டார் புலி. நீ என்னைக் கூப்பிட்டாய். "மாஸ்டருக்கு ஒரு ஜூஸ் வாங்கியாந்து குடுடி, பாவம்." வாங்கிக் கொடுத்தேன். உனக்காகத்தான். நானாக இருந்தால் அந்த ஜூஸை அவர் தலையில் ஊற்றியிருப்பேன்.

முதுகெலும்பில் ஊசி போட வந்த அன்று நீ டாக்டரிடமே சொன்னாய்: "பயமா கீது மேடம். கொஞ்சம் இருங்க, இவ கையப் புடிச்சிக்கிறேன். இப்போ போடுங்க." என் விரல்களை நொறுக்கிவிட்டாய். உடம்பை மட்டும் அசைக்கவில்லை.

உன்னைக் கிடத்தியிருந்தபோது பெங்களூர்க்காரி வந்தாள். யார் சொல்லி அனுப்பினார்களோ. உன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அரைகுறைத் தமிழில், "அன்னிக்கி நான் ஜெயிக்கல. உங்க பொண்ணு என்னை விட்டாங்க" என்றாள். உன் அம்மாவுக்கு எந்தச் சண்டை, எந்தப் பிடி என்றெல்லாம் தெரியாது. அவள் தலையை மட்டும் தடவிக்கொடுத்தாள். மாஸ்டர் வாசலில் மாலையோடு நின்று, கேமரா வரட்டும் என்று காத்திருந்தார்.

உன் பெருந்தன்மை எனக்கு வரவில்லை. இந்த வெறுப்பை நான் இறக்கி வைக்கவும் போவதில்லை. ஆனால் உன்னிடமிருந்து வேறொன்றும் ஒட்டிக்கொண்டது. போன வாரம் லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து உட்காரவைத்ததும், "டார்கெட் முடிச்சிட்டுப் போகட்டும்" என்றார் சூப்பர்வைசர். நான் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். "சார், உங்ககிட்டப் பேச எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா அவ இப்பமே ரூமுக்குப் போகணும், நான்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றேன். அவர் எழுந்து மேஜையைத் தட்டிக் கத்தினார். என் கால் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

முதலில் உட்கார்ந்தது அவர்தான்.