துரை இருமுகிறான்

என் பிரிய மன்னிக்கு,

உன் துரை சௌக்கியம். நீ முதலில் அதைத்தான் கேட்பாய், அதனால் முதலில் எழுதிவிட்டேன். கம்பு கொறிக்கிறான், கிண்ணத்துத் தண்ணீரில் குளிக்கிறான், கொண்டையை விரித்துக்கொண்டு என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறான். மற்ற எல்லோரும் க்ஷேமம் என்று வழக்கம்போல எழுதத்தான் கை வரவில்லை.

வயதில் நீ எனக்கு இரண்டு வருஷம் சின்னவள். அண்ணாவுக்கு வாழ்க்கைப்பட்ட ஒரே காரணத்தால் மன்னி ஆனாய். அதனால்தான் உன்னிடம் எதையும் மூடி மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இப்போது மட்டும் எதற்கு மறைக்க வேண்டும்?

நீ போன பன்னிரண்டாம் நாளில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் மாஹிம் வீட்டுக் கூடத்தில் தானப் பொருள்களை வரிசையாக வைத்திருந்தார்கள். குடை, செருப்பு, விசிறி, பித்தளைச் சொம்பு. கடைசியில் துரையின் கூண்டு! சாஸ்திரிகள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன ஓய் இது? கோதானம் உண்டு, பூதானம் உண்டு. சீமைக் கிளியைத் தானம் பண்ணச் சொல்லி எந்த சாஸ்திரத்துலயும் இல்லையே!"

"எடுத்துண்டு போங்கோ சாஸ்திரிகளே. அவ சீராட்டின சனியன், அவளோடயே போகட்டும்" என்றான் அண்ணா.

சீ, என்ன மனுஷன்! அவனுடைய ஆபீஸ் துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது கொடுத்துவிட்டுப் போன பறவை அது. காக்கட்டீல் என்று அந்தத் துரைசானி பெயர் சொல்லிக் கொடுத்ததை, கட்டடத்தில் மாடி மாடியாக ஏறிச் சொன்னவன் இவன்தான். 'துரை தன் கையாலே குடுத்தது' என்று சொல்லிச் சொல்லியே பறவைக்குத் துரை என்று பெயர் வந்தது. பெருமை அடித்துக்கொண்டது அவன், கூண்டைக் கழுவியது நீ.

சாஸ்திரிகள் கையை எடுத்துவிட்டார். "நான் கொண்டுபோறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவருக்குத் தெரியாதா என் லட்சணம்? பால்கனியில் ஒரு காக்காய் இறகு விழுந்தால் மூன்று தடவை கை கழுவுகிறவள் நான். எச்சில், பத்து, தீட்டு என்று என்னிடம் திட்டு வாங்காத வேலைக்காரி மாட்டுங்காவில் கிடையாது. ஆனாலும் அந்தக் கூண்டை அங்கே விட்டுவிட்டு வர எனக்கு மனசு கேட்கவில்லை. உன்னுடையது ஒன்றாவது உயிரோடு இருக்கட்டும் என்று இருந்தது.

ஒரு விக்டோரியா வண்டி பிடித்து, கூண்டை என் மடியில் வைத்து, பழைய வேஷ்டியால் சுற்றி, மூச்சுக்கு ஓர் ஓரத்தைத் திறந்துவிட்டுக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் குதிரைக் குளம்படிக்கு அவன் உள்ளே வெடவெடவென்று நடுங்கியது என் தொடையில் தெரிந்தது.

அதற்கப்புறம் நாங்கள் பண்ணின அபத்தத்தைக் கேள். கிளி என்றால் பச்சை மிளகாய்தானே? இவர் வாங்கிவந்து கொத்தாகத் தொங்கவிட்டார். நான் தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். பேச்சுத்துணைக்கு இருக்கட்டும் என்று கூண்டைச் சமையலறை ஜன்னலில் மாட்டினேன். மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தேனோ இல்லையோ, பாவம், கண்ணை மூடிக்கொண்டு வாலை ஏற்றி இறக்கி மூச்சு வாங்கினான். ஜன்னலுக்கு வெளியே காக்காய்க் கூட்டம். உள்ளே எங்கள் பாப்பா, நாலு வயசு வாண்டு, கம்பிக்குள் விரலை விட்டு "ராமா சொல்லு, ராமா சொல்லு" என்று நச்சரிப்பு. அவன் கொண்டை படிந்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தான். இரண்டு நாள் ஒரு வாய் தின்னவில்லை.

எனக்கோ அருவருப்பு. தரையெல்லாம் எச்சம். இறகை உதறினால் சாம்பல் மாதிரி ஒரு தூள் பறந்து என் காப்பியில் வந்து மிதந்தது. சீ! நாள் முழுக்கத் துடைத்தேன், திட்டினேன், மறுபடி துடைத்தேன். உன் பறவை என் கையில் சாகக் கூடாதே என்ற ஒரே பயத்தில்தான் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இவர் ஆபீஸ் விட்டதும் கிராஃபோர்டு மார்க்கெட்டில் பறவை விற்கிற ஒரு கிழவரிடம் போய் யோசனை கேட்டுவந்தார். மிளகாய் என்றதும் அந்தக் கிழவர் தலையில் அடித்துக்கொண்டாராம்.

"'அரே பாபு, யே தோத்தா நஹீ ஹை! பாஜ்ரா தோ, பாஜ்ரா'ன்னு கத்தறார். இது நம்மூர்க் கிளி ஜாதியே இல்லையாம், தங்கம். கம்புதான் ஆகாரமாம்."

கிழவர் சொன்னபடி கூண்டைக் கூடத்து மூலைக்கு மாற்றினோம், இரண்டு பக்கமும் சுவர் அணைவாக இருக்கும்படி. புகை கிடையாது, காக்காய் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்தில் துணியால் மூட வேண்டும். ஒரு வாரம் யாரும் உள்ளே கையை விடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து நம் வேலையை நாம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், பயம் தெளிந்து அவனே வருவான். வெளியே விடுவதற்கு முன் ஜன்னலைச் சாத்தி, நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் மோதிக்கொள்வான். பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டோம்.

கம்புக்கு எங்கே போக? ரேஷனில் அரிசியைக் குறைத்துவிட்டுத் தலையில் கட்டுகிறார்களே, அதே கம்பு. அதைச் சபிக்காத தமிழ் வாய் இந்தப் பம்பாயில் உண்டா? டப்பாவில் வண்டு விழுந்து கிடந்ததைப் புடைத்துக் கிண்ணத்தில் வைத்தேன். துரை தலையைச் சாய்த்துப் பார்த்தான், இறங்கிவந்தான், கொறிக்க ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரும்போதெல்லாம், "உங்காத்துக் கம்பை எறிஞ்சுடாதே தங்கம், எனக்குக் கொண்டா" என்பாயே. அண்ணாவுக்கு அரிசியை விட்டுவிட்டு நீ கம்பைத் தின்கிறாய் என்று நினைத்து, என்ன தரித்திரம் இது என்று முகம் சுளித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தேன். எல்லாம் இவனுக்குத்தானா? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

தினமும் மத்தியானம் கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். முதலில் தூர மூலையில் இருந்தான். அப்புறம் நடுக் கழி. அப்புறம் என் பக்கத்துக் கம்பி. ஆனால் ஒரு சத்தம் கிடையாது. சத்தம் கொடுத்தால்தான் வீடு பழகிவிட்டது என்று அர்த்தம் என்றாராம் கிழவர். நான் காத்திருந்தேன்.

ஒருநாள் மூன்று மணி இருக்கும். பாப்பா தூங்குகிறாள். பின்னாலிருந்து நீ இருமினாய்.

இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல், கடைசியில் மூச்சை இழுக்கும் அந்தக் கீச்சு. கையிலிருந்த முறம் நழுவி அரிசியெல்லாம் தரையில் இறைந்தது. திரும்பினால் துரை. கொண்டையை நிமிர்த்திக்கொண்டு மறுபடி இருமினான். இருமி முடித்த கையோடு, சின்னக் குரலில், தெளிவாக, "சீ!" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. 'ஜலதோஷம், ஜலதோஷம்' என்று ஆறு மாசம் சாதித்தான் அண்ணா. க்ஷயம் என்ற வார்த்தை கட்டடத்தில் கசிந்துவிடும் என்று டாக்டரை வீட்டுக்குள் விடவில்லை. உன் படுக்கையைச் சமையலறைக்குப் பின்னால் போட்டான், உனக்குத் தனித் தட்டு வைத்தான். கட்டினவள் நெஞ்சு கிழிய இருமும்போது அவன் கொடுத்த மருந்து ஒரு 'சீ'யா? கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே கூசியது.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். கையில் மிட்டாய்ப் பெட்டி, முகத்தில் புது க்ஷவரம். நீ போய் மூன்று மாசம் ஆகவில்லை, வைகாசியில் கல்யாணமாம்.

"எங்க ஹெட் கிளார்க்கோட பொண்ணு. அவளுக்குப் பட்சின்னா உசிராம். சீமைக் கிளி ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டேன். கூண்டோட குடுத்துடு, தங்கம்."

"தானம் பண்ணினதைத் திருப்பிக் கேக்கறது எப்போலேருந்து, அண்ணா?"

"சாஸ்திரிகள் வாங்கிக்கலையே? அப்போ அது தானமே ஆகலை."

எப்படி இருக்கிறது நியாயம்! நான் வாயைத் திறப்பதற்குள் துரை இருமினான். இரண்டு குட்டை, ஒரு நீளம், கீச்சு. அப்புறம், "சீ!" அண்ணாவின் கையில் காப்பி டம்ளர் அப்படியே நின்றது.

"யார் குரல்னு தெரியறதா?" என்றேன். இந்தக் கேள்விக்காகவே நாள் கணக்காகக் காத்திருந்தேன், மன்னி. அவன் தலை குனிவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

அவன் குனியவில்லை. நேராக என்னைப் பார்த்தான்.

"தெரியறது. உன்னோடது."

"என்னோடதா?"

"அவ இருமினா நான் எழுந்து வெளியில போயிடுவேன். கோழைதான் நான், ஒத்துக்கறேன். ஆனா வாரா வாரம் வந்து, மூக்கைப் பொத்திண்டு, 'சீ'ன்னது யாரு? உங்காத்துக்காரரையே கேட்டுப் பாரு."

நான் இவர் பக்கம் திரும்பினேன். இவர் நிமிராமல் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

போகும்போது அண்ணா கூண்டைத் தொடவில்லை. "அவாகிட்ட இவ போனது டைபாய்டுலன்னு சொல்லியிருக்கேன். இருமற பட்சியை எப்படிக் கொண்டுபோய்க் குடுக்கறது? நீயே வெச்சுக்கோ" என்றான். அவனுடைய அந்த யோக்கியதை மாறவே மாறாது. ஒரு வாரத்துக்குள் நிஜத்தை அவர்களிடம் நீ சொல்லு, இல்லாவிட்டால் நான் போய்ச் சொல்வேன் என்று வாசல் வரை போய்ச் சொல்லி அனுப்பினேன். சொல்லும்போது என் குரல் பழைய மிடுக்கில் இல்லை.

அன்றிலிருந்து, உன் வீட்டில் கழிந்த ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமை என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீ எனக்குக் காப்பி கலந்து கொண்டுவந்தாய். நீட்டும்போது இருமல் வந்தது. முகத்தைத் தோளுக்குத் திருப்பிக்கொண்டுதான் இருமினாய். நான் "சீ!" என்று சொல்லி, உன் கண் முன்னாலேயே அந்தக் காப்பியை ஜலம் போகிற மோரியில் கொட்டினேன். நீ டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாய். அடுத்த வாரத்திலிருந்து டிகாக்ஷனும் பாலும் தனித்தனியாக வாசல் பக்கம் வைத்து, "நீயே கலந்துக்கோ தங்கம்" என்றாய். அதையும் நான் சௌகரியம் என்று நினைத்தேனே!

கூட்டி வந்த குழந்தைக்காகப் பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. பயம் வேறு, 'சீ' வேறு. வாரத்தில் ஒருநாள் மட்டும் வந்தவளின் வார்த்தையை ஒரு பறவை இத்தனை சுத்தமாகக் கற்றுக்கொண்டது என்றால், நான் அதை எத்தனை தடவை சொல்லியிருக்க வேண்டும்? நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய்? நிலைக்கண்ணாடி இந்த வாரம் முழுக்க மூடித்தான் கிடக்கிறது. துரை மோதிக்கொள்வான் என்பதற்காக மட்டும் இல்லை.

ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், மன்னி. அவன் இருமினால் போதும், கையில் மாவு இருந்தாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், ஓடிப்போய்க் கூண்டருகே நின்று, "கொஞ்சம் ஜலம் தரட்டுமா மன்னி?" என்று கேட்கிறேன். ஒரு தடவைகூட உன்னிடம் கேட்காத கேள்வி. துரை தலையைச் சாய்த்து முழுக்கக் கேட்டுவிட்டு, "சீ!" என்கிறான். நான் மறுபடி கேட்கிறேன். என்னைப் பார்த்துப் பாப்பாவும் கேட்கிறாள்.

இந்த ஜாதிப் பறவை பதினைந்து, இருபது வருஷம்கூட இருக்குமாம். இருக்கட்டும். இருமலை அடுத்து அந்தக் கேள்வியை அவனே கேட்கிற வரைக்கும் நான் விடாமல் கேட்பேன். அவன் கற்றுக்கொண்ட பிறகும் கேட்பேன். இது சத்தியம்.

காப்பியைக் கொட்டின உன் நாத்தனார்,
தங்கம்