காலையில் வந்த அண்ணன்

நவம்பர் 12, செவ்வாய்

பாலிகஞ்சிலிருந்து சந்தானம் என்று ஒருவர் காலையில் என் சேம்பருக்கு வந்தார். தன் வழக்கைச் சொல்வதற்கு முன் என் கதையைத்தான் கேட்டார். "லண்டன்ல பாரிஸ்டருக்குப் படிச்சீங்களாமே மேடம்? சிவில், கிரிமினல் ரெண்டும் நீங்களே பாப்பீங்களா?" நானும் இருபத்தாறு வருஷப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். என் புத்தி எங்கே போயிற்று?

அம்மாவின் உயில்படி ஃபிளாட் தனக்குத்தான் என்றும், அதில் இருப்பது போலிக் கையெழுத்து என்று தங்கை வசந்தா சொல்கிறாள் என்றும் அரைமணி நேரம் பேசினார். ஒரு காகிதம்கூடக் காட்டவில்லை. "யோசிச்சுட்டு வரேன்" என்று சந்தோஷமாகப் படியிறங்கினார். "நேற்று எதிரே இருக்கும் வக்கீல் சேம்பரிலும் இவரைப் பார்த்தேன், தீதி" என்றார், வங்காளியில் என்னை அக்கா என்றே அழைக்கும் என் குமாஸ்தா சுபீர்பாபு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அந்த வசந்தாவே போன் செய்தாள். உயிலை எதிர்த்து சிவில் வழக்கு, போலிக் கையெழுத்துக்குக் கிரிமினல் புகார், இரண்டையும் நானே நடத்த வேண்டுமாம். ஒரு தரப்பு மனம்விட்டுப் பேசியதைக் கேட்டுவிட்டு, மறு தரப்புக்கு நான் ஆஜராக முடியாது. அண்ணன் வந்துபோனதை அவளிடம் சொல்லவும் கூடாது.

"என்னால முடியாதும்மா, வேற வக்கீலைப் பாருங்க" என்றேன்.



"நீங்க எடுக்க மாட்டீங்கன்னு அண்ணா மத்தியானமே சொன்னான் மேடம். நான்தான் நம்பல."