சிவப்புக் கார் நின்ற வளைவு

நானா,

காலையில் எதையோ தேடப்போய் உங்கள் பிஸ்கட் டின் கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் காறிப்போன தேங்காய் எண்ணெய் வாசம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க இது, செத்த எலியா?" என்றாள். "இல்ல, என் மானம்" என்றேன்.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருசம், எங்கள் வெள்ளைக்காரத் துரை பங்களாச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறினார். ஊரே கட்டிலும் கண்ணாடியும் தூக்கிப்போக, பதுளையில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த நீங்கள் மட்டும் ஒரு பழைய பொம்மை ரேஸ் கார்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்து நின்றீர்கள். உள்ளே இரண்டு கார், ஆளுக்கொரு பாதை; பாதையின் நடுவே ஒரு பள்ளம், அதன் இரு ஓரமும் மெல்லிய இரும்புக் கம்பி. அதிலிருந்து கரண்டை உறிஞ்சிக் கார் பறக்க வேண்டும். பறக்கவில்லை. நம் மலை ஈரத்தில் கம்பி துருவேறி, கார் அடிக்கொரு தரம் சண்டித்தனம் செய்தது. நீங்கள் பென்சில் அழிக்கும் அழிறப்பரால் கம்பியைத் தேய்த்தீர்கள். காரின் அடியில் நசுங்கிக் கிடந்த செம்பு நாரைக் குண்டூசியால் விரித்தீர்கள். மூட்டுகளைக் குறட்டால் இறுக்கினீர்கள். ஓடியது!

தோட்டத்தில் கணக்கெழுதும் கலியாணமாகாத கிளாக்கர் எனக்கு ஞாயிற்றுக்கிழமை போக உங்கள் ரேடியோக் கடையை விட்டால் வேறு இடம் ஏது? உங்களுக்கு மஞ்சள் கார், எனக்குச் சிவப்பு. வேடிக்கை பார்க்கப் பக்கத்துத் தேநீர்க் கடைக் கூட்டம். அவர்கள் முன்னால் தோற்றுத் தோற்று எனக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் என்னை நம்பிக் கடையை விட்டுவிட்டு நீங்கள் பள்ளிவாசலுக்குத் தொழப் போனபோது, தலையில் வழிந்த எண்ணெயை விரலால் வழித்து என் பக்கக் கம்பி முழுக்கத் தடவினேன். வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது என் விஞ்ஞானம்.

எண்ணெய்மேல் என் காற்சட்டையிலிருந்து உதிர்ந்த தேயிலைத் தூசியும் சேர்ந்து கரண்டை மறித்தது. முதல் வளைவிலேயே சிவப்புக் கார் செத்தது. கூட்டம் சிரித்தது. நான் பாய்ந்தேன்: "நல்லத நீங்க வச்சிக்கிட்டு, சீக்குக் கார என் தலையில கட்டிட்டீங்க நானா!"

நீங்கள் குனிந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தீர்கள். எனக்கு வியர்த்தது. கண்டுபிடித்துவிட்டால் இனி இந்தக் கடைப்படி ஏற முடியாது.

விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "கிளாக்கர்ட பிழை இல்ல. கரண்டு வீக்கா ஈக்கி" என்றீர்கள் கூட்டத்திடம். அதே கரண்டில் உங்கள் மஞ்சள் கார் உறுமிக்கொண்டிருந்தது.

தப்பித்தேன் என்று நினைத்தேன். அதோடு விட்டேனா? எண்ணெய் போதவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த ஞாயிறும் தடவினேன். தொழுதுவிட்டு வந்தவுடன், "கிளாக்கர், ரெண்டு பிளேன்டி செல்லிட்டு வாங்கோ" என்று என்னைத் தேநீர்க் கடைக்கு அனுப்பினீர்கள். நான் திரும்பி வந்து ஓட்டினால், சிவப்பு பறந்தது! வாராவாரம் தடவல், வாராவாரம் பிளேன்டி, இடைக்கிடை வெற்றி. எண்ணெயின் மகிமையை, தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் ஹாலிஎல வரை பஸ்ஸில் எனக்கு நானே மெச்சிக்கொண்டு போவேன்.

உங்களை அடக்கிய மறுநாள் உங்கள் தம்பி இந்த டின்னைத் தந்தார். உள்ளே சிவப்புக் கார், அதைச் சுற்றி எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு துணி. "இது கிளாக்கர்ட பக்கம் தொடைக்கிற துணியாம். வேற ஒண்டுக்கும் எடுக்க விடமாட்டார்" என்றார்.

இப்போது என் கீழே வேலை செய்பவர்கள் யாராவது அசட்டுத்தனமாய் எதையாவது செய்துவிட்டு வியர்த்து நின்றால், நான் ஒன்றும் கேட்பதில்லை, நானா. கரண்டு வீக் என்கிறேன். அவர்களைத் தேநீர் சொல்லிவர அனுப்பிவிட்டு, துணியைத் தேடுகிறேன்.